கிள்ளானிலிருந்து நாகப்பட்டினம் எவ்வளவு தூரம்?



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதப் பாடத்தில் நேர மண்டலம் கற்பிக்க வேண்டியிருந்தது. இலண்டன், தோக்கியோ என்று எட்டாத ஊர்களைச் சொல்வதைக் காட்டிலும், நம் பிள்ளைகள் வீட்டில் காதால் கேட்டுப் பழகிய ஓர் ஊரைச் சொன்னால் பாடம் எளிதில் மனத்தில் பதியும் என்று எண்ணினேன். ஆகவே, வெண்பலகையில் இவ்வாறு எழுதினேன்.

கோலாலம்பூரிலிருந்து காலை மணி 9.00க்குப் புறப்படும் விமானம், சென்னையை அவ்வூர் நேரப்படி காலை மணி 10.30க்கு அடைகிறது. அதே விமானம் சென்னையிலிருந்து காலை மணி 11.30க்குப் புறப்பட்டு, கோலாலம்பூரை நம் நேரப்படி மாலை மணி 6.00க்கு அடைகிறது. பயண நேரம் எவ்வளவு?

ஒரு மாணவன் எழுந்து நின்றான். "டீச்சர், போகும்போது ஒன்றரை மணி நேரம், வரும்போது ஆறரை மணி நேரமா? ஒரு பக்கம் மட்டும் தூரம் கூடிவிடுமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது.

மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னதாக இருக்கிறது. அதைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் இரு வழியும் நான்கு மணி நேரம்தான் என்று விளக்கினேன். 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. அதற்கு முன் இவ்வேறுபாடு இரண்டு மணி நேரமாகவே இருந்தது என்பதையும் சொன்னேன். பாடம் முடிந்தது. ஆனால், அம்மாணவனின் கேள்வி மட்டும் என்னைவிட்டு நீங்கவில்லை.

ஒரு பக்கம் மட்டும் தூரம் கூடுமா? கணிதத்தில் கூடாது. வரலாற்றில் கூடியிருக்கிறது. என் தாத்தாவின் வாழ்க்கையில் நிச்சயமாகக் கூடியது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

இன்றைய கணக்கு

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர். திருச்சிராப்பள்ளி இன்னும் சற்றுத் தள்ளி, ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். இரண்டு ஊர்களுக்கும் பயண நேரம் நான்கு மணியை ஒட்டியே அமைகிறது. காலையில் கிள்ளானில் பசியாறிவிட்டுப் புறப்படுபவர், மாலைத் தேநீரைத் தஞ்சையில் அருந்தலாம்.

ஐரோப்பாவில் இதற்கு நிகரான தூரம் இலண்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையிலானது. ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். நான்கு மணி நேரத்தில் பறந்து கடந்த தூரம் அது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கியதும் அவ்விரு நகரங்களுக்கிடையே நேரடி விமானச் சேவை நின்றது. வேறொரு நாட்டில் இறங்கி, வேறொரு விமானம் ஏறிச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. நிலம் நகரவில்லை, நகரங்கள் இடம் மாறவில்லை. ஆயினும் தூரம் கூடிவிட்டது. தூரத்தைக் கிலோமீட்டர் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று. நம் முன்னோர் கடந்த வழியிலும் இதுவே நடந்தது.

முப்பது நாள் வழி

கடாரம் என்று நம் பழைய நூல்களும் கல்வெட்டுகளும் குறிக்கும் கெடாவிற்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையிலான கடல்வழி மிகத் தொன்மையானது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி இ-சிங், இந்தியாவுக்குப் பயணம் செய்த பௌத்தத் துறவிகளின் வரலாற்றை எழுதினார். அவர்களுள் ஒருவர் கடாரத்திலிருந்து மேற்கே முப்பது நாள் கப்பலில் சென்று நாகப்பட்டினத்தை அடைந்ததாக அதில் குறிப்பு உள்ளது. அங்கிருந்து இலங்கைக்கு மேலும் இரண்டு நாள்.

இந்த முப்பது நாளும் காற்று துணை செய்தால்தான். தமிழகத்திலிருந்து கிழக்கே வருவதற்குத் தென்மேற்குப் பருவக்காற்று வேண்டும். இங்கிருந்து மேற்கே திரும்புவதற்கு வடகிழக்குப் பருவக்காற்று வேண்டும். வந்த காற்றிலேயே திரும்ப இயலாது. ஆகவே, வந்தவர் சில மாதங்களாவது இக்கரையில் தங்கியாக வேண்டும். சோழர் காலத்தில் ஸ்ரீவிசய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பியதும், 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் படை கடாரம் கொண்டதும் இக்காற்றின் துணையோடுதான். காத்திருக்க வேண்டும் என்றாலும், திரும்பும் காற்று ஆண்டுதோறும் தவறாமல் வீசியது. வணிகரும் துறவியும் வந்தனர், போயினர். வழி இரு பக்கமும் திறந்தே இருந்தது.

நீராவிக் கப்பலும் ரஜுலாவும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக் கப்பல்கள் இவ்வழியில் ஓடத் தொடங்கியதும் காற்றின் ஆட்சி முடிந்தது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்கள் மெட்ராசிலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள்களை ஏற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் எனத் துறை துறையாக இறக்கிச் சென்றன. இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என்று அழைப்பதே அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாம். 1901இல் திறக்கப்பட்ட அத்துறைமுகம் 1972இல் பெயர் மாற்றம் கண்டது.

அக்கப்பல்களுள் நம் மூத்தோர் நாவில் இன்றும் நிற்கும் பெயர் ரஜுலா. 1926ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட இக்கப்பல் 8,000 டன்னுக்கும் மேற்பட்டது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்தது. தளப் பயணி என்றால் அறையும் கட்டிலும் இல்லாதவர். பாய் விரித்த இடமே அவர் வீடு. இதனுடன் பிறந்த ரோனா என்னும் கப்பல், 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் செருமானிய வான்தாக்குதலில் மூழ்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ரஜுலா போரில் பிழைத்து 1973 வரை உழைத்தது.

மாணவர்களோடு இதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் இடையே ஏறக்குறைய 1,250 கடல்மைல். கப்பல் மணிக்கு 13 கடல்மைல் சென்றால் 96 மணி நேரம், அதாவது நான்கு நாள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையைத் தொடாமல் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆள்களைப் படகுகளில் கொண்டுபோய் ஏற்றும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்து நாள். பினாங்கிலிருந்து நம் துறைமுகத்திற்கு இன்னோர் இரவு. தொழிலாளர்களும் பிற தளப் பயணிகளும் நோய்த்தடுப்பு முகாமில் தங்க வேண்டிய நாள்கள் தனி. பினாங்கையொட்டிய ஜெரஜாக் தீவு அத்தகைய முகாம்களுள் ஒன்று.

முப்பது நாள் ஐந்து நாளாகச் சுருங்கிவிட்டது. அப்படியென்றால் நாகப்பட்டினம் நெருங்கியிருக்க வேண்டும் அல்லவா? வருவதற்கு நெருங்கியது. போவதற்கு?

வரும் வழியும் போகும் வழியும்

1907ஆம் ஆண்டு மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்னும் நிதி தொடங்கப்பட்டது. தமிழகத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகளிடம் வரி வாங்கி, அப்பணத்தில் புதிய தொழிலாளர்களின் கப்பல் செலவு கட்டப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் நிறுத்தப்பட்ட பின்னரும் கங்காணிமார் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டினர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. கையில் ஒரு காசும் இல்லாதவர்கூட மலாயாவுக்கு வந்து சேரலாம். கடல் அவருக்கு ஒரு தடையே அன்று.

திரும்பிப் போவதற்கோ அவர் தம் கூலியில் மிச்சம் பிடித்தாக வேண்டும். முதலாளிகளே செலவு செய்து திருப்பி அனுப்பிய காலமும் உண்டு. 1930களின் தொடக்கத்துப் பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது, பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆள் தேவைப்பட்டபோது அக்கரை அருகில் இருந்தது. ஆள் மிகுந்தபோது மீண்டும் அக்கரை அருகில் வந்தது. தொழிலாளி தானே விரும்பிப் போக நினைத்தபோது மட்டும் அது தொலைவில் இருந்தது.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூலிக் குறைப்பு காரணமாக 1938இல் இந்திய அரசு தொழிலாளர்கள் மலாயா செல்வதைத் தடை செய்தது. 1941 டிசம்பரில் சப்பானியர் படையெடுத்தனர். 1945 வரை கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட செய்திகூட ஊருக்குப் போகவில்லை. போருக்குப் பின் ரஜுலா மீண்டும் வந்தது. ஆனால் 1953இல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. ஊருக்குப் போகிறவர் பயணச் சீட்டை மட்டும் எண்ணினால் போதாது. திரும்பி நுழைவதற்குரிய தாளையும் எண்ண வேண்டும். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்றானபோது, பல்லாயிரம் பேர் இந்நாட்டைவிட்டே கப்பலேறினர். கணவன் ஒரு கரை, மனைவி ஒரு கரை என்று பிரிந்த குடும்பங்களை நம் வட்டாரத்து மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர்.

பதினாறாம் நாள்

என் தாத்தா திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். 1937இல், தம் பதினேழாம் வயதில், தாய்மாமனுடன் ரஜுலாவில் வந்து போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார். கிள்ளானுக்கு அருகில் ஓர் இரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். போர் முடிந்தபின் ஒரு முறை ஊருக்குப் போய், பாட்டியை மணந்து, 1949இல் அழைத்து வந்தார். பாட்டி கொண்டுவந்த தகரப் பெட்டி இன்றும் என் வீட்டில் இருக்கிறது. கப்பலில் இரவு முழுவதும் அந்தப் பெட்டியைக் காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு படுத்திருந்ததாகப் பாட்டி சொல்வார்.

1956இல் தாத்தாவின் தாயார் இறந்துவிட்டதாகத் தோட்டத்து அலுவலகத்திற்குத் தந்தி வந்தது. தாத்தாதான் மூத்த மகன். கொள்ளி வைக்கப் போக முடியாது என்பது அவருக்குத் தெரியும். பதினாறாம் நாள் கருமாதிக்காவது போய்ச் சேரலாமா என்று கேட்க, அன்றே கிள்ளானுக்கு மிதிவண்டியில் போனார். அடுத்த கப்பலுக்கு இன்னும் பதினொரு நாள் என்றார்கள். பதினொன்றும் ஆறும் பதினேழு. பாட்டி இந்தக் கணக்கை என்னிடம் பலமுறை விரல்விட்டு எண்ணிக் காட்டியிருக்கிறார். "ஒரே ஒரு நாளும்மா. ஒரு நாள்தான் கூடிப்போச்சு" என்பார்.

மறு தந்தி அடிக்கப் பணம் போதவில்லை. வர இயலாது என்று கடிதம் எழுதினார். பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் தலையை மழித்துக்கொண்டு, தோட்டத்துப் பூசாரியை வைத்துத் தாமே சடங்கைச் செய்தார். மறுநாள் விடியலில் பால்வெட்டப் போய்விட்டார்.

சிதம்பரம் கப்பல்

தாத்தாவிற்கு ஊருக்குப் போகும் ஆசை இருந்துகொண்டே இருந்தது. பிள்ளைகளின் படிப்பு, வீடு, திருமணங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1984இல் கடைசி அத்தைக்குத் திருமணம் முடிந்ததும், அடுத்த ஆண்டு போவதென்று முடிவு செய்தார். அப்போது விமானம் இருந்தது. எனினும், வந்த வழியிலேயே போக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அப்போது அவ்வழியில் ஓடிய கப்பல் சிதம்பரம். 1966இல் பிரான்சில் பஸ்தேர் என்ற பெயரில் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகத்தால் வாங்கப்பட்டது அது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பற்றி, ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டனர். எரிந்த கப்பல் அவ்வாண்டே உடைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வேறு கப்பல் விடப்படவில்லை. நூறாண்டுக்கும் மேலாக நடந்த பயணிகள் கப்பல் சேவை அத்துடன் நின்றது.

செய்தியை நாளேட்டில் படித்துக் காட்டியவர் என் தந்தை. தாத்தா ஒன்றும் சொல்லவில்லையாம். 1988இல் அவர் காலமானார். தகரப் பெட்டிக்குள் பயணத்திற்கென்று அவர் சேர்த்து வைத்த பணம் துணியில் முடிந்தபடியே இருந்தது. அப்பணம் அவருடைய கருமாதிச் செலவுக்கு ஆயிற்று.

நான் போய் வந்த கதை

2016ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் நானும் என் கணவரும் அவ்வூருக்குப் போனோம். கிள்ளானிலிருந்து விமான நிலையத்திற்கு ஒரு மணி நேரம்; திருச்சிக்கு நான்கு மணி நேரம்; அங்கிருந்து தஞ்சை, மன்னார்குடி வழியாக மூன்று மணி நேரத்திற்கும் சற்றுக் கூடுதலான காரோட்டம். தாத்தா வாழ்நாள் முழுவதும் எட்டிப் பிடிக்க முடியாத ஊரை ஒரே பகலில் எட்டிவிட்டேன்.

தாத்தாவின் தம்பி மகன், எனக்குப் பெரியப்பா முறை, அவ்வீட்டில் இருந்தார். அப்போது அவருக்கு 68 வயது. யார் என்று விளங்க வைக்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். 1956ஆம் ஆண்டுக் கருமாதியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"எங்க அப்பா நாகப்பட்டினம் போயி ரெண்டு நாள் கடற்கரையிலேயே கெடந்தாரும்மா. மலாயாவுலேருந்து கப்பல் வரும், அண்ணன் வந்துடுவாருன்னு. பதினாறு அன்னிக்குக் காலையில தனியா திரும்பி வந்தாரு. அப்பவும் சாயந்தரம் வரைக்கும் காரியத்தைத் தொடங்க விடல."

தாத்தா எழுதிய கடிதம் அதற்குச் சில நாள்கள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்ததாம். இந்தக் கரையில் அண்ணன் பதினேழு என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, அந்தக் கரையில் தம்பி பதினாறு என்று எண்ணிக் காத்திருந்தார். தம்பி காத்திருந்தது தாத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது. அதைக் கேட்டுச் சொல்லப் பாட்டியும் அப்போது இல்லை, 2009இலேயே போய்விட்டார். நான் ஏழாண்டுகள் தாமதம். அதற்குக் காரணமாகக் கப்பலையோ சட்டத்தையோ காட்ட என்னால் முடியாது. அந்த ஆண்டுகளிலெல்லாம் விமானம் போய்க்கொண்டுதான் இருந்தது.

ஐந்து கேள்விகள்

மாணவனின் கேள்விக்கு இப்பொழுது விடை சொல்கிறேன். ஆம், ஒரு பக்கம் மட்டும் தூரம் கூடும். நம் முன்னோருக்கு வரும் வழி ஐந்து நாள். போகும் வழி ஒரு வாழ்நாள். இன்று இரு வழியும் நான்கு மணி நேரம். ஆனால், எந்த ஊருக்குப் போவது என்பதே தெரியாவிட்டால் அந்த நான்கு மணி நேரத்தால் நமக்கு என்ன பயன்?

நேர மண்டலப் பாடத்தின் தொடர்ச்சியாக என் வகுப்பு மாணவர் 28 பேருக்கும் ஒரு தாள் கொடுத்தனுப்பினேன். அதில் ஐந்து கேள்விகளே இருந்தன.

1. உங்கள் குடும்பத்தில் முதலில் மலாயாவுக்கு வந்தவர் யார்?
2. அவருடைய ஊர் எது?
3. எந்த ஆண்டு, எந்தக் கப்பலில் வந்தார்?
4. எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்?
5. முதலில் எங்கே வேலை செய்தார்?

ஊரின் பெயரோடு திரும்பி வந்தவை ஒன்பது தாள்கள். கப்பலின் பெயர் இருந்தவை நான்கு, நான்கிலும் ரஜுலா. மற்றவற்றில் 'தெரியவில்லை' என்று பெற்றோரின் கையெழுத்தில் இருந்தது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. என் தாத்தாவின் ஊர்ப் பெயரை நானே என் முப்பதாம் வயதில்தான் எழுதி வைத்தேன்.

ரஜுலா நின்று ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதில் கைக்குழந்தையாக வந்தவர்களுக்கே இப்பொழுது எழுபது, எண்பது வயது ஆகிறது. அவர்களுள் சிலர் நம் வீடுகளில், நம் அண்டை வீடுகளில் இருக்கின்றனர். பெற்றோர்களே, இந்த வார இறுதியில் அவர்கள் அருகில் அமர்ந்து இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். பிள்ளையே கேட்டுப் பிள்ளையே எழுதட்டும். வீட்டில் பழைய கடப்பிதழ், அடையாள அட்டை, கடித உறை ஏதேனும் இருந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள். உறையின் அஞ்சல் முத்திரையிலேயே ஊரின் பெயர் இருக்கக்கூடும். ஆசிரியர்களே, இத்தாளை உங்கள் வகுப்பிலும் கொடுத்துப் பாருங்கள். நேர மண்டலமும் கற்பிக்கப்படும், வரலாறும் எழுதப்படும்.

அந்த மாணவனின் தாள் நான்கு நாள் கழித்து வந்தது. முதலில் 'தெரியவில்லை' என்று எழுதி, பிறகு அதை அடித்திருந்தான். கீழே பென்சிலில் ஓர் ஊரின் பெயர் இருந்தது. ஈப்போவில் இருக்கும் தன் கொள்ளுப்பாட்டியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டானாம்.